குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீடு: போதைப்பொருள் வழக்குகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாஜிஸ்திரேட் கோர்ட். பெயரைக் கூப்பிட்டதும் பையன் முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறான். குற்றச்சாட்டைப் படிக்கிறார்கள், பாதி காதில் விழுகிறது, பாதி விழவில்லை. "ஒத்துக்கிறியாப்பா?" "ஒத்துக்கிறேங்கய்யா." அபராதம் இவ்வளவு, கட்டாவிட்டால் இத்தனை நாள் சிறை. பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு அம்மாவும் பையனும் பஸ் ஏறுகிறார்கள். கோர்ட்டுக்குள் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

அந்த ஐந்து நிமிடத்தின் கனம் பிறகுதான் தெரியும். வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் தெரியும், வெளிநாட்டு விசா விண்ணப்பத்தில் தெரியும், இன்னொரு வழக்கு வந்தால் முந்தைய தண்டனையாக எழுந்து நிற்கும். அப்போதுதான் கேட்பார்கள்: "சார், அப்பீல் போக முடியாதா?"

போக முடியும். ஆனால் எல்லா வழியும் திறந்திருக்காது. எது திறந்திருக்கிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே விஷயம்: அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தையைக் கோர்ட் எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பது. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். இது இந்தியச் சட்டப்படி எழுதியது. கஞ்சா, ஹெராயின், எம்டிஎம்ஏ எதுவானாலும் என்டிபிஎஸ் எனப்படும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் வரும் வழக்குகளுக்குப் பொருந்தும்.

முதலில்: நீங்கள் உண்மையிலேயே ஒப்புக்கொண்டீர்களா?

இதைக் கேட்டால் பலருக்கும் கோபம் வரும். ஆனால் குடும்பத்தினர் அதிகம் குழம்புவது இங்கேதான். "ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, ஒத்துக்கிட்டான், அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொண்டு அப்பீல் பக்கமே வராமல் இருந்துவிடுவார்கள். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் வேறு, நீதிபதி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. என்டிபிஎஸ் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அதிகாரிகள் எழுதி வாங்கும் வாக்குமூலத்துக்கும் அதே கதிதான் என்று 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

ஆக, சாட்சி விசாரணை நடந்து அதன் பேரில் தண்டனை வந்திருந்தால், கீழே சொல்லப்போகும் தடை உங்களுக்கு இல்லை. குற்றவாளி என்ற முடிவையே எதிர்த்து முழு மேல்முறையீடு செய்யலாம். கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்துக் கேட்டபோது ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலின் பேரிலேயே தண்டனை வந்திருந்தால் மட்டும்தான் மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

சட்டம் எதை அடைக்கிறது, எதை விடுகிறது

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிஎன்எஸ்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். அதன் 416ஆம் பிரிவு, பழைய சட்டத்தின் 375, இரண்டும் சொல்வது ஒன்றுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவர், குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும் எதிர்க்கலாம்.

இந்தத் தடை மேல்முறையீட்டுக்கு மட்டும்தான். சீராய்வு மனுவைப் பற்றி, அதாவது கீழ்க் கோர்ட் சட்டப்படி நடந்ததா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் மனுவைப் பற்றி, 416 எதுவும் சொல்லவில்லை. அப்புறம், அது தடுப்பது முறையாகப் பதிவான ஒப்புதலுக்குப் பின் வரும் மேல்முறையீட்டை. ஒப்புதலே முறையாக இல்லை என்றால் தடைக்கு அடித்தளமே இல்லை. ஆகவே இரண்டு பாதை: தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு, ஒப்புதலையே எதிர்த்துச் சீராய்வு. எது உங்களுக்கு என்பதைக் காகிதங்களைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பெரிய வக்கீலாலும்.

படி 1: காகிதங்களை எடுங்கள்

தீர்ப்பு வந்த அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாளே, சான்றிட்ட நகலுக்கு காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள். சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 404 சொல்கிறது. ஆனால் தீர்ப்பு நகலோடு நின்றுவிடாதீர்கள். ஒப்புதலை வைத்து எழுதும் தீர்ப்பு பல நேரம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. "குற்றச்சாட்டு விளக்கப்பட்டது, எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஒப்புதல் தானாக முன்வந்து கொடுக்கப்பட்டது" என்று அச்சடித்தது போல் இருக்கும். (எதிரி என்றால் கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்.) உயிர் அதில் இல்லை.

உயிர் இருப்பது இவற்றில்: வனையப்பட்ட குற்றச்சாட்டு, கேள்வியும் பதிலும் பதிவான தாள், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததை எழுதிய அன்றாடக் குறிப்பு, குற்றப்பத்திரிகை, கைப்பற்றுதல் மகஜர், தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை, ரிமாண்ட் உத்தரவுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்தே நகல் கேளுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். விண்ணப்பம் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். நகல் தயாராகப் பிடித்த காலத்தை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டணம் கேட்டும் நீங்கள் கட்டாமல் இழுத்தடித்த நாட்கள் அந்தக் கழிவில் வராது. அந்த முத்திரையை மடித்துக் கிழித்துவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 2: கெடுவைக் கணக்குப் போடுங்கள்

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டித்திருந்தால் மேல்முறையீடு செஷன்ஸ் கோர்ட்டுக்கு, 30 நாள். சிறப்பு நீதிமன்றம் தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு; 60 நாள். தமிழ்நாட்டில் அது சென்னையா மதுரைக் கிளையா என்பது வழக்கு நடந்த மாவட்டத்தைப் பொறுத்தது. சீராய்வு மனுவுக்கு 90 நாள்.

எந்தக் கோர்ட் என்பதில் குழப்பம் வேண்டாம். 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய என்டிபிஎஸ் குற்றங்களைச் சிறப்பு நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். சிறு அளவு வைத்திருந்த வழக்குகள் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டிடம் முடிந்துவிடும். அவற்றைச் சுருக்க விசாரணையாகவும் நடத்தலாம்.

கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி அதே காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் மனு போட வேண்டும். "சட்டம் தெரியாது" என்று ஒரு வரி எழுதினால் போதாது. சிறையில் இருந்தாரா, உடம்பு சரியில்லையா, நகல் கிடைக்கவில்லையா, எந்தத் தேதியில் யார் சொல்லி விஷயம் தெரிந்தது என்று நாள்வாரியாகச் சொல்லி, கையில் இருக்கும் சீட்டுகளையும் இணையுங்கள்.

படி 3: ஒப்புதலைச் சோதியுங்கள்

இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். என்னைக் கேட்டால், ஒரு வழக்கறிஞர் இந்த வேலையில் செலவிடும் நேரத்தில் பாதி இதற்குத்தான் போக வேண்டும்.

ஏ.ஐ.ஆர். எனப்படும் தீர்ப்புத் தொகுப்பு வரிசையில், 1966 உச்ச நீதிமன்றத் தொகுப்பின் 22ஆம் பக்கத்தில் மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் அரசு என்ற தீர்ப்பு இருக்கிறது. எதிரி ஒப்புக்கொண்டதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, முடிந்தவரை அப்படியே எழுத வேண்டும் என்ற விதி வெறும் சடங்கு இல்லை. அதை மீறினால் தண்டனையே நிற்காது என்று அதில் சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள்: ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, அதனால் அங்கே தவறான புரிதலுக்கு இடம் இருக்கக் கூடாது. நம் ஊரிலிருந்து போன அந்த வழக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது. சம்மன் வழக்குகள் எனப்படும் சிறு குற்ற வழக்குகளுக்கான இன்றைய விதி, பிஎன்எஸ்எஸ் 275, அதே சொற்களோடுதான் இருக்கிறது.

ஆகவே பதிவான தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கேள்விக்கு நேராக "ஆம்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறதா? "ஒப்புக்கொள்கிறேன்" என்பது அச்சடித்த படிவத்தில் ஏற்கெனவே இருந்ததா? எதை ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறதா: பொட்டலம் தன்னுடையது என்பதையா, அந்த இடத்தில் நின்றதை மட்டுமா, அதில் இருந்தது கஞ்சா என்று தெரியும் என்பதையா? "ஆமாங்கய்யா, பைல இருந்துச்சு, ஆனா என்னோடது இல்ல" என்று ஒருவர் சொன்னால் அது ஒப்புதலே இல்லை. அதை "ஒப்புக்கொண்டார்" என்று சுருக்கினால் அங்கேதான் தவறு.

பிறகு மொழி. தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளியிடம் தமிழில் கேட்டார்களா? மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தாரா, அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா?

வக்கீல் இருந்தாரா என்பதும் பெரிய விஷயம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று கோர்ட்டே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விசாரணை நடத்தித் தண்டித்தால் அது செல்லாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்காலத்து எதுவும் வழக்குக் காகிதங்களில் இல்லை, சட்ட உதவி வழங்கியதாகக் குறிப்பும் இல்லை என்றால் அது வலுவான காரணம்.

அடுத்தது ஆசை காட்டி வாங்கிய ஒப்புதல். "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடலாம், இல்லேன்னா வருஷக்கணக்குல அலையணும்" என்று யாரோ சொல்ல, அதை நம்பி ஒப்புக்கொள்வது. இப்படி வாங்கும் ஒப்புதலின் மேல் தண்டனை நிற்காது என்று 1980இல் காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983இல் திப்பேசாமி வழக்கில் இன்னும் ஒரு படி போனது: குறைந்த தண்டனை என்று நம்ப வைத்து ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, மேல் கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கே விரோதம் என்றது. ஆனால் காதோடு சொன்ன பேச்சுக்குக் காகிதம் இருக்காது. அதனால் யார், எங்கே, என்ன சொன்னார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி, உறுதிமொழிப் பத்திரமாக்கிவிட வேண்டும்.

கடைசியாக, ஒப்புக்கொண்ட விஷயமே குற்றமாகுமா? என்டிபிஎஸ் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவோ காயோ உள்ள நுனிப்பகுதி. நுனி இல்லாமல் விதையும் இலையும் மட்டும் என்றால் அது அந்த வரையறைக்குள் வராது. ஆய்வக அறிக்கை வருவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கித் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால், அந்த அறிக்கை பிறகு என்ன சொல்லியது என்று பாருங்கள்.

ஒன்றை மனது கனத்துத்தான் எழுதுகிறேன். என்டிபிஎஸ் சட்டத்தின் 50ஆம் பிரிவில் உடல் சோதனைக்கு முன் உரிமையைச் சொல்லவில்லை, 52ஏ பிரிவில் மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுக்கவில்லை என்பதெல்லாம் விசாரணையில் வழக்கையே உடைக்கக்கூடிய வாதங்கள். ஒப்புதல் நிற்கும் வரை அவற்றை எடுத்துப் பேச இடமில்லை. ஒப்புதல் விழுந்தால்தான் அவை திரும்ப உயிர்பெறும்.

படி 4: தண்டனையைச் சோதியுங்கள்

ஒப்புதலில் குறை எதுவும் கிடைக்காவிட்டாலும் இது இருக்கிறது. முதலில் எடை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கோகைனுக்கு 2 கிராம், 100 கிராம். சிறு அளவு கஞ்சாவுக்கு அதிகபட்சம் 1 ஆண்டு கடுங்காவல், அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. மகஜரில் 950 கிராம் என்று இருந்து, தீர்ப்பில் இடைப்பட்ட அளவுக்கான பிரிவு விழுந்திருந்தால் அந்தத் தண்டனை சட்டப்படி நிற்காது. எடை பார்த்தது பொட்டலத்தோடா, பொட்டலம் இல்லாமலா என்பதையும் பாருங்கள். ஆனால் கலப்படப் பொருளில் சுத்தமான போதைப்பொருளின் எடையை மட்டும் எடுக்க வேண்டும் என்ற பழைய வாதத்தை நம்பாதீர்கள். மொத்தக் கலவையின் எடைதான் கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் முடிவாகிவிட்டது.

அபராதம் கட்டத் தவறினால் விதிக்கும் சிறைக்கும் உச்சவரம்பு உண்டு: குற்றத்துக்கான அதிகபட்ச சிறைக் காலத்தில் நான்கில் ஒரு பங்கு. சிறு அளவு கஞ்சாவுக்கு அது 3 மாதம். 6 மாதம் என்று எழுதியிருந்தால் தவறு. இப்படிப்பட்ட பிழையை மேல் கோர்ட்டில் காட்ட நீண்ட வாதம் தேவையில்லை.

ரிமாண்டில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்தார்களா என்று பாருங்கள். பிஎன்எஸ்எஸ் 468 அதைத் தருகிறது. தீர்ப்பில் அந்த வரி விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்க வேண்டும்.

போதைக்கு அடிமையானவர் என்றால் என்டிபிஎஸ் 39ஆம் பிரிவை மறக்கவே கூடாது. உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ குற்றவாளி என்று முடிவான ஒருவரை, உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கேட்காததால் கிடைக்காமல் போகிறது. மருத்துவச் சீட்டுகள் இருந்தால் மேல்முறையீட்டிலும் இதை வையுங்கள். நன்னடத்தைச் சட்டத்தில், அதாவது சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதியின் பேரில், விடுவிப்பது மட்டும் என்டிபிஎஸ் வழக்குகளில் மிகக் குறுகியது: 18 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது குற்றம் 26ஆம் பிரிவிலோ, உட்கொண்டதற்கான 27ஆம் பிரிவிலோ வர வேண்டும். அதனால்தான் வைத்திருந்ததாகப் போட்ட வழக்கா, உட்கொண்டதாகப் போட்ட வழக்கா என்பது இத்தனை முக்கியம்.

படி 5: சிறையிலிருந்து வெளியே வருவது

தீர்ப்பு நாளில் ஜாமீனில் இருப்பவருக்கு 3 ஆண்டுக்கு மிகாத சிறை விதிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று அங்கேயே, அந்தக் கோர்ட்டிலேயே சொல்ல வேண்டும். சிறப்புக் காரணம் இல்லாவிட்டால் மேல்முறையீடு தாக்கல் செய்யும் வரை ஜாமீனில் விட வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 430ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாததால் அன்று மாலையே ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு.

அதற்கு மேற்பட்ட தண்டனைக்கு மேல் கோர்ட்டில் தண்டனை நிறுத்திவைப்பு மனு. என்டிபிஎஸ் 32ஏ பிரிவைக் காட்டி "இதில் நிறுத்திவைக்கவே முடியாது" என்று யாராவது சொன்னால், 2000இல் தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் கோர்ட்டுகளின் அந்த அதிகாரத்தை மீட்டுக் கொடுத்துவிட்டது என்று சொல்லுங்கள். வணிக அளவு வழக்குகளில் மட்டும் ஜாமீனுக்கான 37ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும்.

படி 6: மனுவைத் தாக்கல் செய்வது

மேல்முறையீட்டு மனுவில் தண்டனையைப் பற்றிய காரணங்களை மட்டும் தெளிவாக வையுங்கள். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால், முதல் விசாரணையிலேயே "416 தடை இருக்கிறதே" என்ற கேள்வியோடு மனு சுருக்கமாகத் தள்ளுபடி ஆகலாம்.

ஒப்புதலையே எதிர்ப்பதென்றால் சீராய்வு மனு, பிஎன்எஸ்எஸ் 438, 442. மேல்முறையீடு செய்ய வழி இருந்தும் செய்யாமல் விட்டவர் சீராய்வுக்கு வரக் கூடாது என்று 442இல் ஒரு தடை உண்டு. ஆனால் உங்களுக்கு அந்த வழியைச் சட்டமே மூடியிருக்கிறது என்பதை மனுவில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த தண்டனைக்காக அரசுத் தரப்போடு பேசி ஒப்புக்கொள்ளும் பேரப் பேச்சு (பிளீ பார்கெயினிங்) நடைமுறையில், அதாவது பிஎன்எஸ்எஸ் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில், எழுத்துமூலம் உடன்பட்டு வந்த தீர்ப்பு என்றால் கதை வேறு. அங்கே அரசியலமைப்பின் 136 (உச்ச நீதிமன்றம்), 226, 227 (உயர் நீதிமன்றம்) வழியாகத்தான் போக முடியும்.

சிறையில் இருப்பவர் மனுவை ஜெயில் கண்காணிப்பாளரிடமே கொடுக்கலாம். அவர் கோர்ட்டுக்கு அனுப்பி வைப்பார்.

படி 7: ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று முன்பே யோசியுங்கள்

தண்டனை மீதான மேல்முறையீட்டில் நீங்கள் போட்ட மனுவை வைத்துத் தண்டனையைக் கூட்ட முடியாது. சீராய்வில் உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, ஆனால் உங்களைக் கேட்காமல் செய்ய முடியாது.

ஒப்புதல் ரத்தானால் விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் வழக்கு கீழ்க் கோர்ட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து விசாரணை நடக்கும். சாட்சிகள் வருவார்கள், வாய்தாக்கள் போகும், முடிவில் முன்பைவிடக் கூடுதல் தண்டனைகூட வரலாம். ரூ.2,000 அபராதத்தோடு முடிந்த சிறு வழக்கில் மூன்று வருட அலைச்சலுக்குத் தயாரா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். மறுபக்கம், அந்தச் சிறு தண்டனையும் முந்தைய தண்டனைதான். மீண்டும் அதே அளவு தண்டனைக்குரிய என்டிபிஎஸ் குற்றத்தில் சிக்கினால் 31ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். இருபது வயதுப் பையனுக்கு நான் போராடு என்றுதான் சொல்வேன். ஆனால் முடிவு அவனுடையது.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்றால்

சிறையிலோ காவலிலோ இருப்பவருக்கு, பெண்களுக்கு, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. செஷன்ஸ் மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றத்துக்கு அங்கேயே உள்ள சட்டப் பணிகள் குழு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். போகும்போது தீர்ப்பு நகல், அபராத ரசீது, ஆதார், மருத்துவச் சீட்டு, இவற்றோடு ஒரு வெள்ளைத்தாளும் கொண்டுபோங்கள். கோர்ட்டில் அன்றைக்கு உங்களிடம் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை, சொன்ன வார்த்தை மாறாமல், வீட்டிலேயே அதில் எழுதி வைத்திருங்கள்.